இடைவேளைக்குப் பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நண்பர்களோடு சேர்ந்து புதுப்படம் பார்ப்பது, பார்த்த பின் அதைப் பற்றிப் பேசுவது, எழுதுவது ஆகியவை குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் என்று பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்து ஊர்களிலிருந்தே வந்திருக்கின்றன. ஒரு பக்கம் பொள்ளாச்சிக் கொட்டகைகள், மறுபக்கம் பாலக்காட்டுக் கொட்டகைகள் என்று இரண்டுக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இதில் கேட்க நிறைய இருப்பது இயல்பே. நானும் அந்த நடுவில் இருப்பவன்தான்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் பள்ளிக்காலம் முதல் ஒன்றாகவே படம் பார்க்கிறோம். படம் முடிந்து வண்டியை எடுப்பதற்குள் ஒருவன் ‘வேஸ்ட்’ என்றோ ‘சூப்பர்’ என்றோ சொல்லிவிடுகிறான். வீடு வந்து சேர்வதற்குள் ஐந்து பேருக்கும் அதுவே கருத்தாகிவிடுகிறது. படங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. எழுத உட்கார்ந்தால் என் கருத்து எது, அவனுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. என்ன செய்வது? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: எங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் உண்டு. அரிசி மில் வைத்திருக்கிறார். படத்தைக் கூர்ந்து பார்ப்பவர்தான். ஆனால் குரல் பெரியது, போதாக்குறைக்கு நாங்கள் போய் வருவது அவருடைய காரில். காரை எடுத்ததும் அவர் தீர்ப்பு வந்துவிடும். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டுவதற்குள் மற்ற நால்வரும் அதற்குச் சாட்சி சொல்லி முடித்திருப்போம்.

இதற்கு மருந்து எங்களுக்குத் தற்செயலாகத்தான் கிடைத்தது. 2024 செப்டம்பர் 27 அன்று ‘மெய்யழகன்’ வெளியானது. அந்த ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மில்காரர் வாயைத் திறக்கும் முன்பே பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. அவரும் வாத்தியாரும் ஜாக்கியோடு போராடிக்கொண்டிருக்க, நானும் மலையாளி நண்பரும் எங்கள் தோழியான நர்ஸும் தென்னந்தோப்புச் சுவரோரம் அரை மணி நேரம் நின்றிருந்தோம். அந்த அரை மணியில் மூவரும் மூன்று வேறு படங்களைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது தெரிந்தது. மேடையில் தங்கை பரிசுகளைப் பிரித்துப் பார்க்கும் இடத்திலேயே நான் நின்றுவிட்டிருந்தேன். நர்ஸுக்கு அந்தப் பழைய சைக்கிள். மலையாளி நண்பருக்கோ, தன்மேல் இத்தனை பாசம் காட்டுகிறவனின் பெயர் நினைவுக்கு வராமல் ஒரு மனிதன் இரவு முழுக்கத் தவிப்பது சிரிப்பாகவும் இருந்ததாம், பயமாகவும் இருந்ததாம். சக்கரம் மாட்டி முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டே மில்காரர் “ரொம்ப நீளம்” என்றபோது, வழக்கம்போல் தலையாட்ட யாரும் இல்லை. அவர் சற்றுக் குழம்பித்தான் போனார்.

அன்று முதல் எங்களுக்கு ஒரு விதி உண்டு. கொட்டகையிலிருந்து தேநீர்க்கடை வரும் வரை படத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. கடையில் உட்கார்ந்ததும் பாக்கெட் டைரியிலிருந்து ஆளுக்கு ஒரு தாள் கிழித்துக்கொடுப்போம். முன்பெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கமே போதுமானதாக இருந்தது. இப்போது டிக்கெட் செல்பேசிக்குள் போய்விட்டது. அந்தத் தாளில் மூன்று செய்திகளை மட்டும் எழுத வேண்டும்: கண்ணை மூடினால் முதலில் நினைவுக்கு வரும் இடம் எது, எந்த இடத்தில் கை தானாகச் செல்பேசியைத் தேடியது, எது புரியவில்லை. நன்றாக இருந்ததா இல்லையா என்பதை எழுதவே கூடாது. தாள்களை மடித்து வைத்த பிறகு யார் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். நீங்கள் மறுநாள் எழுத உட்காரும்போது முதலில் அந்தத் தாளைப் பிரியுங்கள். அதில் இருப்பது உங்களுடையது, மீதியெல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டது.

மெய்யழகன் கதை அத்தோடு முடியவில்லை. படம் வெளியான சில நாட்களிலேயே அதன் நீளத்தில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். நர்ஸ் தன் அக்காவை அழைத்துக்கொண்டு குறைத்த பிரதியை இன்னொரு முறை பார்த்தார். மில்காரருக்கு ஒரே கொண்டாட்டம்: “நான் சொன்னதைத்தானே அவர்களே செய்திருக்கிறார்கள்!” நர்ஸ் சொன்னதை நான் அப்படியே குறித்துவைத்திருக்கிறேன். எது போயிற்று என்று தன்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை என்றும், விருந்துக்குப் போன வீட்டில் பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் யாரோ கடைசிப் பேருந்தை நினைவுபடுத்தியது போல இருந்தது என்றும் சொன்னார். பிறகு வாத்தியார் மில்காரரைக் குடைந்தார்: “நீளம் என்கிறாயே, எந்த இடத்தில்?” மில்காரர் சற்று யோசித்துப் பார்த்தார். இரண்டாம் பாதியில் பேச்சு வரலாற்றுக்கும் ஊர்ப் பெருமைக்கும் திரும்புகிற இடங்கள் என்றார். அந்த ஒரு வரியை அவர் காரில் ஏறியதும் சொல்லியிருந்தால் அது விமர்சனம். ‘ரொம்ப நீளம்’ என்பதை அடுத்த படத்துக்கும் அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கு மலையாளம் காதால் வந்தது, பேசுவேன், எழுத்துக்கூட்டத் தெரியாது. உடன் வேலை செய்யும் தோழிகள் எல்லோரும் மலையாளிகள். மலையாளப் படத்தை அவர்களோடு மூலத்தில் பார்ப்பதா, தமிழில் டப் ஆகும் வரை காத்திருப்பதா? (வாசகி, வேலந்தாவளம்)

பதில்: மூலத்திலேயே பாருங்கள். காதால் வந்த மொழி படம் பார்க்கத் தாராளமாகப் போதும்.

2024 பிப்ரவரியில் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் 2006-இல் குணா குகைப் பள்ளத்தில் விழுந்ததும், நண்பர்களே அவரை மீட்டதும் அதன் கதை. ஊர்க்காரர்களும் காவலர்களும் தமிழ் பேசுகிறார்கள். வந்தவர்கள் அரைகுறைத் தமிழில் மன்றாடுகிறார்கள். அந்தத் தடுமாற்றம் கதையின் ஒரு பாதி. எல்லோரையும் தமிழில் பேசவைத்திருந்தால் அவர்களுக்கு முன்னால் நின்ற சுவரே விழுந்திருக்கும். தமிழ்நாட்டு மக்களும் அதை டப்பிங் இல்லாமலேயே கொண்டாடினார்கள். நான் பாலக்காட்டில் பார்த்தேன். காவல் நிலையக் காட்சியில் பக்கத்து இருக்கையில் மலையாளி நண்பர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். எனக்கோ அந்த வசவு என் மொழியில் வருகிறதே என்று கூச்சமாக இருந்தது. ஒரே வரிசையில் ஒரே காட்சி, ஆளுக்கொரு வலி. அதே நண்பருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் 1991-இல் வந்த ‘குணா’வின் பாட்டு திரையில் எழுந்ததும் சொல் பிசகாமல் உடன் பாடினார். இந்த இரண்டையும் டப்பிங் எனக்குத் தந்திருக்காது.

அதே பிப்ரவரியில் வந்த ‘பிரேமலு’ மார்ச் 15-இல் தமிழ் பேசியது. இரண்டையும் பார்த்தேன். தமிழில் வசனம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்த நாயகன் சொற்களை வாய்க்குள்ளேயே பாதி விழுங்கிவிட்டுப் பேசும் சோம்பல், தெளிவாக உச்சரிக்கும் டப்பிங் குரலில் காணாமல் போய்விட்டது; அந்தச் சோம்பலில்தான் சிரிப்பே இருந்தது.

தோழிகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்துவிடுங்கள்: கொட்டகைக்குள் மொழிபெயர்ப்பு வேண்டாம். புரியாத சொல்லை நினைவில் வைத்திருந்து தேநீர்க்கடையில் கேளுங்கள். அவர்கள் சிரித்து அரை நொடி கழித்து நீங்கள் சிரித்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதும்போது அவை உதவும். அவர்களுடைய தீர்ப்புச் சொற்களையும் கவனமாகக் கேளுங்கள். என் நண்பர் எந்தப் படம் பார்த்தாலும் “கொள்ளாம்” என்பார். எல்லாப் படமும் இவருக்குப் பிடித்துவிடுகிறதே என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ‘ளா’வை நீட்டித் தலையையும் அசைத்தால்தான் பாராட்டு, குறுக்கிச் சொல்லிவிட்டுச் சாயா கிளாஸை எடுத்தால் ‘ஏதோ பரவாயில்லை’ என்று பொருள் என்பது எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆயிற்று.

கேள்வி: தமிழ்நாட்டில் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி. கேரளத்தில் அதற்கு முன்பே திரையிட்டுவிடுகிறார்கள். எல்லையோரத்தில் இருக்கும் எங்களுக்கு முதலில் பார்த்து முதலில் எழுதும் வாய்ப்பு கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாமா? (வாசகர், மீனாட்சிபுரம்)

பதில்: போய்ப் பாருங்கள், உடனே எழுதாதீர்கள். 2023 அக்டோபர் 19 அன்று ‘லியோ’ வெளியானபோது கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே காட்சி தொடங்கியது. தமிழ்நாட்டில் 9 மணி. தூக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். 2025 ஆகஸ்டில் ‘கூலி’க்கும் இங்கே காலை 6 மணி, அங்கே 9 மணி. அது ஒரு திருவிழா. தேர் பார்க்கப் போனவன் சிற்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுத முடியாது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படியோர் அதிகாலைக் காட்சிக்கு நண்பர்களோடு போனேன். கிழித்து வீசிய காகிதம் சட்டைக்குள் எல்லாம் போயிற்று. முதல் இருபது நிமிடம் ஒரு வசனமும் காதில் விழவில்லை. வீடு திரும்பியதும், நாயகனுக்கும் எதிரிக்கும் என்ன பகை என்பதை இயக்குநர் சொல்லவே இல்லை என்று எழுதி நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வீட்டாரோடு அமைதியான பகல் காட்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது, அந்தப் பகை எட்டாவது நிமிடத்திலேயே இரண்டு வரியில் சொல்லப்பட்டிருந்தது. மில்காரர் இன்றுவரை என்னை ‘எட்டாவது நிமிஷம்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

கேள்வி: கொட்டகை வாசலில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்பதைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கேட்டார்களே, அது நியாயமா? நண்பர்களாகச் சேர்ந்து விமர்சனம் எழுதும் எங்களையும் அது பாதிக்குமா? (வாசகர், சித்தூர்)

பதில்: பெரும் செலவில் வந்த சில தமிழ்ப் படங்கள் அடுத்தடுத்துச் சரிந்த 2024-இல்தான் அந்தக் குரல் வலுத்தது. படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. கேரளத்தில் இந்த வழக்கு அதற்கும் முந்தியது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர், வெளியான 48 மணி நேரத்துக்கு விமர்சகர்கள் பொறுத்திருக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்தார்.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவன் வாயை மூடச் சொல்வது நியாயமில்லை. தேநீர்க்கடை பெஞ்சுக்கு யார் தடை போட முடியும்? ஆனால் காசு வாங்கிக்கொண்டு திட்டுவதும் புகழ்வதும் வேறு தொழில்; அதையும் நம் பேச்சையும் ஒரே கூடையில் போட வேண்டாம். வாசலில் மைக்கைப் பார்த்ததும் எதிரே இருப்பவர் என்ன கேட்க விரும்புகிறார் என்று நம் வாய்க்குத் தெரிந்துவிடுவதுதான் எனக்குச் சங்கடம். எங்கள் வாத்தியார் முப்பது வருடம் வகுப்பெடுத்தவர். அவரே ஒருமுறை பொள்ளாச்சியில் ஒரு மைக்கின் முன்னால், தூங்கி வழிந்த ஒரு படத்தை ‘குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு வந்து எங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

கேள்வி: ‘கொட்டுக்காளி’ எனக்கு மிகவும் பிடித்தது. உடன் வந்த நண்பன் தூங்கிவிட்டு, ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறான். அவனைப் புண்படுத்தாமல் எப்படிப் புரியவைப்பது? (வாசகர், கோபாலபுரம்)

பதில்: புரியவைக்க வேண்டாம். எந்த இடத்தில் தூங்கினான் என்று மட்டும் கேளுங்கள்.

2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியான அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி ஒரு பெண்ணை உறவினர்கள் சாமியாரிடம் அழைத்துச் செல்லும் ஒரு பயணம்தான் படம். அந்தப் பெண் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. பின்னணி இசைதான் நமக்கு இதுவரை ‘இங்கே அழு, இங்கே பயப்படு’ என்று தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அது போனதும் ஆட்டோவின் இரைச்சலும், உடன் வரும் சேவலின் சத்தமும், பார்க்கிறவர்களின் இருமலும்தான் மிஞ்சுகின்றன. நாங்கள் பார்த்த அன்று கொட்டகையில் மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம். முன்வரிசையில் ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்த சத்தத்துக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்; அவர் பாவம், இடைவேளை வரை கையில் அப்படியே வைத்திருந்தார். அந்த நிசப்தம் சிலரை நிமிர்ந்து உட்காரவைக்கும், சிலரைத் தூங்கவைக்கும். உங்கள் நண்பன் தூங்கியதும் படத்தைப் பற்றிய ஒரு செய்திதான். அவன் சொல்வதை உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, சூரியும் மற்ற ஆண்களும் கத்திக்கொண்டே இருக்கும்போது அன்னா பென் வாய்திறக்காமல் இருப்பதைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: விமர்சனத்தில் கதையை எவ்வளவு சொல்லலாம்? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: இடைவேளையில் கடலை வாங்கப் போகும்போது தெரிந்திருப்பதில் பாதி. 2024-இன் ‘மகாராஜா’வுக்கு, தன் வீட்டு லட்சுமியைக் காணவில்லை என்று புகார் கொடுக்க ஒரு முடிதிருத்துபவர் காவல் நிலையம் போகிறார், அந்த லட்சுமி ஒரு குப்பைத் தொட்டி என்பது வரை போதும். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும், காட்சிகளை முன்பின்னாக அடுக்கிய அந்த உழைப்பு வீணாகிவிடும்.

கேள்வி: நாங்கள் பேசும் எல்லைத் தமிழ் படங்களில் சிரிப்புக்கு மட்டுமே வருகிறது. நண்பர்களோடு பார்க்கும்போது அந்த இடங்களில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சிரிக்காவிட்டால் ‘உம்மணாமூஞ்சி’ என்கிறார்கள். இதை விமர்சனத்தில் எழுதலாமா, அல்லது என் சொந்தக் குறையாக நினைத்து விட்டுவிடுவதா? (வாசகர், வண்ணாமடை)

பதில்: எழுதியே ஆக வேண்டும். அந்த இடத்தை உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாது.

2025 மே 1 அன்று வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை நாங்கள் ஐவரும் பார்த்தோம். இலங்கையிலிருந்து தப்பி வந்து சென்னையில் குடியேறும் ஒரு குடும்பம், தாங்கள் யாரென்று வெளியே தெரியாமல் வாழப் பார்க்கிறது. வாயைத் திறந்தால் அவர்கள் பேசும் தமிழே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மனிதர்கள் கொஞ்சம் அதிகமாகவே நிரம்பிய தெரு அது. அப்படி ஒரு தெருவில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைத்ததில்லை. அந்தக் குறையோடும் எனக்குப் பிடித்த படம். சசிகுமாரும் சிம்ரனும் பக்கத்து வீட்டாரிடம் சொற்களை எண்ணி எண்ணிப் பேசும்போது கொட்டகை சிரித்தது, மில்காரரும் சிரித்தார். நான் மட்டும் கோயம்புத்தூர்க் கல்லூரியில் என் முதல் வருடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ‘வெள்ளம் வேணும்’ என்று கேட்டதற்கு விடுதியே சிரித்தது. அன்றிரவு முதல், தண்ணீர் கேட்கும் முன் ஒரு கணம் நின்று, மனத்துக்குள் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாய்திறப்பேன்.

அன்று கடையில் தாள்களைப் பிரித்தபோது, முதலில் நினைவுக்கு வரும் இடம் என்ற கேள்விக்கு நான் ‘அவர்கள் பேசுவதற்கு முன் நிறுத்துகிற அந்த ஒரு கணம்’ என்று எழுதியிருந்தேன். மில்காரர் எட்டிப் பார்த்து, அப்படி ஒரு கணம் படத்தில் எங்கே வந்தது என்று கேட்டார். தண்ணீர்க் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தன் தாளில் ஏதோ ஒரு வரியை அடித்துவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் ஐந்து கட்டஞ்சாயா சொன்னார்.